கொடியேற்றமும் நேரசூசியும்



இந்த ஆடி இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம் உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் கொடி ஏறியிருக்கும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறவர்கள் லீவு சொல்லி வீடு வந்து சேரும் காலம் இது. ஆண்டிமுனையிலிருந்தும் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்தும் உறவுகள் வந்து நிறையும். பதினெட்டு நாளும் பாரதம் ஊருக்குள் நடக்கும், கடைசியில் தீமிதிப்பு. அந்த நாட்களில் வாசிக்க ஏற்றதாக, இந்த இதழைக் கலைக்கல்விச் சிறப்பிதழாக ஆக்கியிருக்கிறோம்.

அதற்கு நீங்களே காரணம். சில மாதங்களாக வந்த கடிதங்களில் ஒரே கவலை பல விதமாக எழுதப்பட்டிருந்தது. மகள் உயர்தரத்தில் நடனம் எடுத்திருக்கிறாள், யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதா, மட்டக்களப்புக் கல்லடிக்கு அனுப்புவதா? மகன் குரல் நல்ல குரல், ஆனால் வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களை முடிக்கவில்லை, அவனுக்கு வழி உண்டா? கலை படித்து வந்தால் ஊரில் அவளுக்கு என்ன வேலை? அனுமதி, செயன்முறைத் தேர்வு, விடுதி பற்றிய தகவல்களுக்கு உள்ளே தனிக் கட்டுரை வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நான் எழுத நினைப்பது அந்தக் கலைக்கல்வி நிறுவனங்களின் நேரசூசியைப் பற்றி. பாடவிதானம் மாற வேண்டும் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நாட்டார் கலைக்கு ஒரு வினாத்தாளைக் கூட்டிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரிடம் என்று கேட்காமல் ஒரு கலையைப் பாடமாக்க முடியாது. நெடுநாளாக நான் நம்பும் விஷயம் இது.

உடப்புப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே வந்துசேரும் கல்வியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கரைவலையின் இரண்டு கயிறுகளும் கரையில் எட்ட எட்ட இருக்கும். இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். வலை கிட்ட வரவர இரு அணியும் கரையோரமாக ஒன்றை நோக்கி ஒன்று நகரும். இரண்டு பக்கமும் ஒத்து இழுக்காவிட்டால் வலை கோணும், மீன் தப்பும். அந்த ஒத்திசைவைக் காப்பது அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வலை தூரத்தில் கிடக்கையில் ஆறுதலான நடை, வலையின் மடி கரையை நெருங்கையில் துரித நடை. காலப்பிரமாணம், எடுப்பு, கூட்டமாகப் பாடும்போது மூச்சைப் பங்கிடும் பழக்கம் ஆகியவற்றைச் சங்கீத வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லித்தருகிறார்கள். கரையில் வளரும் பிள்ளைக்கு அவை கைக்கும் தோளுக்கும் முதலில் தெரிந்து, பிறகுதான் காதுக்குத் தெரிகின்றன.

அதே பிள்ளை தரம் 6இல் அழகியற் பாடமாகக் கர்நாடக சங்கீதமோ பரதமோ நாடகமோ எடுக்கிறது. 40 நிமிடப் பாடவேளையில் சரளி வரிசை தொடங்குகிறது. சரளி வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கர்நாடக இசையும் பரதமும் நம் பிள்ளைகளுக்கு உரிய சொத்து. அதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியைகளை இந்த இதழ் எப்போதும் போற்றும். என் வருத்தம், கரையில் கற்றதற்கு அந்த வகுப்பறையில் ஒரு இடமும் இல்லை என்பதுதான். பிள்ளை வெறுங்கையோடு வந்ததாகவே பாடம் தொடங்குகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை 1960இல் மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரியோடு சேர்த்து, இசைக்கென ஒரு கழகம் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் என்ற பெரும் வித்துவான் தமிழகத்திலிருந்து வந்து அங்கே அதிபராக இருந்து கற்பித்தார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரால் 1982இல் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகி, கல்லடியில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை என விரிந்து நிற்கிறது. போரும் இடப்பெயர்வும் நிறைந்த காலத்தில் இந்த இரண்டு நிறுவனங்களும் நம் பிள்ளைகளுக்குத் தந்ததை அளவிட முடியாது.

தொடக்க நாளில் அவற்றின் முன் இருந்த மாதிரி சென்னை. கச்சேரியும் நடன அரங்கேற்றமும் குறிக்கோள். அதற்கு ஏற்ற நேரசூசியும் கூடவே வந்தது. ஒரு கீர்த்தனையை ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிக்கொடுத்து மறுநாள் கேட்கலாம், அது பொருந்தும். விடியவிடிய ஆடும் கூத்தை அப்படித் துண்டு போட முடியாது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் உயிரோடு இருக்கும் தொழிற்பாட்டுக்கும் அந்த மணியோசை பொருந்தாது.

கூத்துக்கு நேரசூசியே கிடையாது, எல்லாம் ஊரார் விருப்பப்படி நடக்கும் என்று எண்ணுகிறவர்கள் மட்டக்களப்பில் ஒரு கூத்து களரி (கூத்துமேடை) ஏறும் வழியைப் பார்க்க வேண்டும். எந்தக் கூத்து என்று ஊர் கூடித் தீர்மானித்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைக்கும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி, அவரவர் பாட்டும் வசனமும் கைக்கு வருவது சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. தாளக்கட்டு காலில் படிந்த பிறகுதான் சதங்கை அணிவார்கள், அதை ஒரு விழாவாகவே எடுப்பார்கள். அடுத்தது வாரந்தோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக் கூத்து. அதன்பின் அடுக்குப் பார்த்தல். முழுக் கூத்தையும் ஆடிக் காட்ட, பெரியவர்களும் பிற ஊர் அண்ணாவிமாரும் இருந்து குறை நிறை சொல்லும் இரவு அது. எல்லாம் தேறிய பிறகே களரி கட்டி அரங்கேற்றம். இதில் அனுமதி உண்டு, படிநிலை உண்டு, இடைத்தேர்வு உண்டு, வெளிப்பரீட்சகரும் உண்டு. வேளாண்மை வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களைப் பார்த்து முழு அட்டவணையும் அமைகிறது. ஒரு பாடத்திட்டக் குழு பல கூட்டம் கூடி எழுதக்கூடிய அத்தனையும் கிராமத்தில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்திருக்கிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின் மதிப்பை அறிந்தவர். பேராதனையில் 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், வாலி வதை என்று மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகிக் கிழக்கில் நுண்கலைக் கல்வியை வளர்த்தார். விடியும்வரை நீளும் கூத்தை வித்தியானந்தன் நகர மேடைக்காகச் சுருக்கினார், படித்தவர்கள் வந்து பார்த்தார்கள், கூத்தாடிய சமூகங்களுக்கு மரியாதை வந்தது. அந்தக் காலத்துக்கு அது செய்யத்தக்க காரியம். அறுபது ஆண்டு கடந்தும் அந்தச் சுருங்கிய வடிவமே வகுப்பறைக்குப் போதும் என்று இருந்துவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராரும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் வேறு வழியில் போனது. அங்கே படித்தவர்கள் ஊருக்குள் போய் இருந்தார்கள். பெண், சாதி பற்றிய பழைய பகுதிகளை ஊரே பேசி மாற்றியது. பயிற்சி நடந்த இடமும் நேரமும் ஊருக்குரியவை.

நேரசூசியையே மாற்றிப் பார்த்த ஒரு முயற்சியைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க மனமில்லை. தமிழ்நாட்டின் வடபகுதியில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் நாம் என்பது நம் ஊர் வழக்கு. அந்த விழாக்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் உறவு வீட்டுச் செய்தி வந்ததுபோல் இருக்கும். அங்கே கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெருங்கட்டூர் இராஜகோபால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் ஆடப் போனவர். குழுவில் சேர்ந்த பிள்ளை இரவெல்லாம் ஆடும், பகலில் வகுப்பில் கண் செருகும், கொஞ்ச நாளில் பள்ளி நின்றுவிடும். பள்ளியில் நிலைத்தால் கூத்து நின்றுவிடும். 1990இல் அந்தக் கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. இராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள். ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடத் தேவையில்லாதபடி நாளின் அமைப்பு மாறியது. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகள் பயிற்சி பெற்று வேடம் கட்டினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. நன்கொடையை நம்பி நிற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் தோளில் இவ்வளவு பெரிய பொறுப்பை எத்தனை காலம் வைக்க முடியும்? அரசுப் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

கேரள கலாமண்டலமும் நமக்கு ஒரு பாடம். கவிஞர் வள்ளத்தோள் 1930இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது. ஆனாலும் கதகளி மாணவரின் மழைக்காலம் பழைய முறைப்படியே நடக்கிறது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள அந்த மாதங்களில்தான் விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்து உடற்பயிற்சி செய்து, குரு காலால் மிதித்து உருவும் உழிச்சல் நடக்கும். உடம்பு வளைந்து கொடுக்கும் பருவம் அது என்பதால் அந்தப் பயிற்சி அந்தப் பருவத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்ததும் அதை வேறு மாதத்துக்குத் தள்ளவில்லை.

பருவத்துக்கும் சமயத்துக்கும் ஏற்பக் கல்வி ஆண்டை வளைக்க நம் நாட்டுச் சட்டதிட்டம் இடம்கொடுக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் மாவட்டத்தையே பாருங்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம் பாடசாலைகள் நோன்புக் காலத்தில் மூடியிருக்கும். அவற்றுக்கென்று தவணைத் திகதிகளைக் கல்வி அமைச்சு தனியாகவே அறிவிக்கிறது. பல தலைமுறையாக நடக்கும் நல்ல ஏற்பாடு அது. மறுபுறம், 2019 வரை பல ஆண்டுகள் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில் நடந்தது. ஆடித் திருவிழாவும் பரீட்சையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்த ஆண்டுகளை இந்த ஊர்ப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நாடகமும் அரங்கியலும் பாடத்துக்குச் சடங்கரங்கு பற்றிக் குறிப்பு மனனம் செய்வதற்காகப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கும், சடங்கரங்கு வெளியே வீதியில் நடக்கும்.

இனி ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணி நேரக் கற்றல். விரிவுரை மட்டும் அதில் அடங்குவதில்லை, களப்பணியும் சுயபடிப்பும் சேர்ந்ததே அந்த 50. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு மாணவி திருவிழாவின் பதினெட்டு நாளும் நாளுக்கு எட்டு மணி நேரம் உடனிருந்தால் 144 மணி. பார்த்ததை எழுதி முடிக்க இன்னும் ஆறு மணி வைத்தால் 150, மூன்று கிரெடிட். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அந்த மூன்று வாரம் விரிவுரையும் பரீட்சையும் வைக்காமல், ஆடியைக் களத்தவணை என்று நாட்காட்டியில் குறித்துவிட்டால் போதும். உடப்பு, கிழக்கில் பாண்டிருப்பு (அங்கே விழா புரட்டாதியில், களத்தவணையும் அப்போது) என்று திரௌபதை அம்மன் தலங்கள் நம்மிடம் இருக்கின்றன. அங்கே பாரதம் படிக்கும் குரலின் நடை, நாளுக்கு நாள் கதை வீதிக்கு வரும் ஒழுங்கு, வேடம், பறை, உடுக்கு, கூட்டம் வழிவிடும் விதம் என்று கற்க எவ்வளவோ இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கோயில் பரீட்சை மண்டபம் ஆகிவிடக்கூடாது. தீமிதிப்பு நேர்த்திக்காரரின் விரதம், அதில் மாணவருக்குச் செயன்முறைப் புள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கே கமராவை வைக்கலாம், எங்கே கைகட்டி நிற்க வேண்டும் என்பதை ஆலய பரிபாலன சபையும் ஊரும் சொல்லட்டும், பல்கலைக்கழகம் கேட்டு நடக்கட்டும். பதிவு செய்தவற்றின் ஒரு பிரதி ஊர்ப் பாடசாலைக்கு வர வேண்டும். முன்பு வந்து எடுத்துக்கொண்டு போனவர்களிடமிருந்து ஊருக்குத் திரும்பி வந்தது குறைவு.

அம்பாப் பாட்டின் நிலை இன்னும் அவசரமானது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று தணிந்த பிறகுதான் கரைவலைக் காலம். அந்தக் காற்று மீண்டும் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், கரைவலைக்காரர் பலர் கிழக்குக் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போடப் போவது பழைய வழக்கம். ஆகவே இந்தப் பாட்டைப் படிக்க வரும் மாணவர் ஜூனில் வந்தால் ஒன்றும் கேட்காது. இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. உழவு இயந்திரத்தில் வின்ச் பொருத்தி வலை இழுக்கும் முறை நாட்டின் பல கரைகளில் பரவி, அதைத் தடுப்பதா விடுவதா என்று அரசும் வலை உடைமையாளரான சம்மாட்டிகளும் ஆண்டுக்கணக்காக வாதாடுகிறார்கள். இழுக்க ஆள் கிடைக்காத சம்மாட்டியின் சிரமம் எனக்குப் புரிகிறது. கயிறு இழுத்துத் தோள் வலித்தவரிடம் பாட்டுக்காக இன்னும் இழு என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. வேலை போன இடத்தில் வேலைப்பாட்டு தானாக நிலைக்காது. அதற்கு வேறொரு வீடு வேண்டும். கலைக் கல்லூரி அந்த வீடாகலாம், பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அது நடந்தால்.

அவர்களை எப்படி உள்ளே அழைப்பது? ஹெல்சிங்கியில் ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குப் பேர்போன சிபேலியஸ் அக்கடமி 1983இல் நாட்டார் இசைக்கென்று தனித்துறை தொடங்கியது. ஊர்ப் பாடகரிடமிருந்தும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்தும் காதால் கேட்டுக் கற்பது அங்கே முறையான பயிற்சி. பின்லாந்தின் சிறு கிராமத்துப் பாட்டுக்காரருக்குக் கிடைத்த இடம் உடப்பு அம்பாக்காரருக்கும் கிடைக்க வேண்டும். பட்டம் இல்லாத ஐயா ஒருவரை வருகைதரு ஆசிரியராக அமர்த்தி, விரிவுரையாளருக்குரிய மணிக்கட்டணத்தை அவருக்கும் கொடுக்க நிறுவனங்கள் வழி காண வேண்டும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடும் பழக்கம் போதும்.

கடிதம் எழுதிய தாய்மார் கேட்ட வேலைக் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நுண்கலைப் பட்டதாரிகள் பெரும்பாலோர் போய்ச்சேரும் இடம் பாடசாலை. நியமனம் வரும்வரை காத்திருப்பு நீளம் என்பதும் உண்மை, அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். நியமனம் கிடைத்து வடமேல் மாகாணத்துக் கரையோரப் பாடசாலைக்கு வரும் சங்கீத ரீச்சர், ஆதிதாளத்தைச் சொல்லித்தர அம்பா நடையிலிருந்து தொடங்கத் தெரிந்தவராக இருந்தால் அந்த 40 நிமிடத்தின் குணமே மாறும். முதல் நாளிலேயே வகுப்பில் பாதிப் பேருக்குப் பாதி தெரியும். அப்படிப்பட்ட ஆசிரியரை உருவாக்க, அவர் படிக்கும் நான்கு ஆண்டில் ஒரு கரைவலைக் காலமும் ஒரு பதினெட்டு நாளும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கல்லடி நிறுவகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் இந்தப் பக்கத்தின் பிரதியை அனுப்புகிறோம். நாட்காட்டி தயாரிக்கும் மேசைக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பதில் வந்தால் முழுதாக வெளியிடுவோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்பா பாடத் தெரிந்த அப்புச்சியோ மாமாவோ இருந்தால், திருவிழாவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்துங்கள். அவர் சம்மதித்தால் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் எடுத்து நிறுத்திவிட வேண்டாம். இது எந்த இழுவைக்குப் பாடியது, யாரிடம் கற்றார், எந்த மாதத்தில் எந்தக் கரையில் என்றும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடிக்காமல் இருந்து பாட அவருக்கு வராவிட்டால், ஒரு கயிற்றின் நுனியைத் தூணில் கட்டி மறுநுனியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். கும்மிப் பாட்டுத் தெரிந்த அம்மம்மாக்களையும் மறக்க வேண்டாம், பதிவாளர்கள் வழக்கமாக ஆண்களிடமே போகிறார்கள். உங்கள் பதிவுகளை எழுத்தாக்கி, அனுப்பியவர் விரும்பினால் பெயரோடு, வரும் இதழ்களில் தொடராக வெளியிடுவோம். மார்கழி இதழுக்குள் முதல் பகுதி வந்துவிட வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறோம். அப்போது கரைவலைக் காலம், எழுதியதைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பாடிச் சரிபார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்